கண்ணாடி கேட்ட பெரியவர்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில், அறுப்பின் பண்டிகையன்று பேசியதன் எழுத்து வடிவம்)

ஆயர் ஐயா அவர்களே, சபையாரே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

ஏலத்துக்கு முன்னால் என்னைப் பேச விட்டிருக்கிறீர்கள். காணிக்கையாக வந்த பூசணிக்காயும் வாழைத்தாரும் பொறுமையாகக் காத்திருக்கின்றன. கால் கட்டிய அந்தச் சேவலுக்குத்தான் பொறுமை இல்லை. ஆகவே சுருக்கமாகவே பேசுகிறேன்.

2004 டிசம்பர் 26 நம்மில் பலருக்கு மறக்காது. தேவனாம்பட்டினத்தைக் கடல் அடித்துப் போட்ட அடுத்த நாட்களில் லாரி லாரியாகப் பழந்துணி வந்து இறங்கியது. பொத்தான் இல்லாத சட்டை, சாயம் போன சேலை. மீனவர்கள் அவற்றைத் தொடவில்லை. ரோட்டோரம் குவியல் குவியலாக நனைந்து கிடந்தன. "இந்த நிலைமையிலும் இவர்களுக்கு ரோஷத்தைப் பாரேன்" என்று அன்றைக்குப் பேசியவர்களில் நானும் ஒருவன். முந்தின நாள் வரை யாரிடமும் கை நீட்டாமல் கடலில் உழைத்துச் சாப்பிட்டவர்கள் அவர்கள் என்பது எனக்கு உறைக்க வெகு நாளானது. நாம் கொடுத்தது அவர்களுக்கு வேண்டியதை அல்ல, நமக்கு வேண்டாததை.

நல்ல சமாரியன் கதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். "எனக்குப் பிறன் யார்?", அதாவது நான் நேசிக்க வேண்டிய அயலான் யார் என்று நியாயசாஸ்திரி ஒருவன் கேட்டதற்கு இயேசு சொன்ன கதை அது. வழியில் கள்ளர் கையில் அடிபட்டுக் கிடந்தவன் யார், எந்த ஊர், எந்த ஜாதி என்று சமாரியன் விசாரிக்கவில்லை. காயத்தைப் பார்த்தான். எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், தன் வாகனத்தில் ஏற்றினான், ராத்திரி கூடவே இருந்தான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்தான். அன்றைய கணக்கில் இரண்டு நாள் கூலி. பெரிய தொகை ஒன்றும் இல்லை. ஆனால், மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான் பாருங்கள், எனக்கு அந்தத் 'திரும்பி வரும்போது'தான் பெரிதாகத் தெரிகிறது. நாம் கொடுத்துவிட்டு, ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். திரும்பிப் போவதில்லை.

யார் என்று கேட்காமல் சோறு போடுவதில் நம் பக்கத்து வடலூரைப் பார்த்து நாம் கொஞ்சம் வெட்கப்படவும் வேண்டும். 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் எரிகிறது.

வேதத்தில் ரூத்தின் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. நம் பக்கம் மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, பிடுங்கின கொல்லையில் மண்ணுக்குள் தங்கிய காயைப் பொறுக்க வருவார்கள் அல்லவா, அதுபோல ரூத் கதிர் பொறுக்க வருகிறாள். விதவை, அயல் தேசத்துப் பெண். வயலுக்குச் சொந்தக்காரர் போவாஸ் அவளைக் கூப்பிட்டு ஒரு மூட்டையைத் தலையில் ஏற்றி அனுப்பியிருக்கலாம். அவரோ, அறுக்கிறவர்களிடம், வேண்டுமென்றே சில கதிர்களைச் சிந்திவிடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்கிறார். அவள் தன் கையால் பொறுக்கினாள், தன் கையால் தட்டி எடுத்தாள். வீட்டுக்குப் போகும்போது அது அவள் சம்பாதித்த வாற்கோதுமை.

2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறியது. அப்புறம் தென்பெண்ணையில் வெள்ளம். தண்ணீர் வடிந்ததும் ஆற்றோரத்து வீடுகளுக்கு நாங்கள் சிலர் அரிசிப் பை கொண்டுபோனோம். ஒரு பெரியவர் பையை வாங்கிச் சுவரோரம் வைத்தார். அங்கே ஏற்கெனவே மூன்று பை இருந்தது. "அரிசி வந்துக்கிட்டே இருக்கு தம்பி. கண்ணாடிதான் தண்ணியோட போயிடுச்சு" என்றார். வலை சரிசெய்து கொடுப்பது அவர் தொழில். கண்ணாடி இல்லாமல் வலை ஊசியில் நூல் சுற்றக்கூட முடியவில்லை. பதினோரு நாளாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறார். கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை, அவராகச் சொன்னதால் தெரிந்தது. கண் பரிசோதனைக்கு அழைத்துப் போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம். அடுத்த முறை போனபோது மடியில் வலை கிடந்தது. நிமிர்ந்து பார்க்காமலே, "உட்காருங்க, இந்த வலைக்கண்ணை முடிச்சிட்டு வர்றேன்" என்றார். கால் மணி நேரம் காக்க வைத்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து வைத்துச் சேர்த்த அரிசி, அதோ நாலு மூட்டை நிற்கிறது. எந்தெந்த வீட்டுக்கு என்று கமிட்டி பட்டியலும் போட்டுவிட்டது. அந்த வீடுகளுக்குப் போய், என்ன வேண்டும் என்று யாராவது கேட்டீர்களா? பட்டியலில் முதல் வீட்டுக்கு நான் வருகிறேன். ஏலம் முடிந்ததும் இரண்டு பேர் என்னோடு கிளம்புங்கள்.

அந்தச் சேவலை முதலில் ஏலம் விடுங்கள், ஐயா.