பெங்குவின் மீது ஒரு பனி உருண்டை

நேயர்களுக்கு வணக்கம். சிகிச்சையின்போது பிள்ளைகளுக்கு வரும் வலியை, கண்ணில் மாட்டும் ஒரு கருவி குறைக்குமா என்பதுதான் இன்றைய பேச்சு.

"சாப்பிடலன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்." இந்த மிரட்டல் கேட்காத வீடு நம் பக்கம் அபூர்வம். வீட்டில் சோறு இறங்குவதற்காகச் சொன்ன சொல், ஆறு மாதம் கழித்து வார்டில் எங்கள் தலையில் விடியும். குழந்தைகள் வார்டில் 28 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் நான். என் வெள்ளை உடுப்பைக் கண்டதும் அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்ட முகங்களுக்குக் கணக்கே இல்லை. போதாக்குறைக்கு நாங்களும் ஒரு பொய் சொல்வோம்: "எறும்பு கடிச்ச மாதிரிதான்டா இருக்கும்." முதல் தடவை நம்புவான். அடுத்த தடவை கை காலை அமுக்கிப் பிடிக்க நாலு பேர் வேண்டும்.

ஊசி ஒரு நொடியில் முடிந்துவிடும். தீக்காயம் பட்ட பிள்ளைக்குக் கட்டு மாற்றுவது அப்படி முடியாது. ஒட்டிக்கிடக்கும் துணியை நனைத்துப் பிரிக்க வேண்டும், செத்த தோலை நீக்க வேண்டும், கழுவி மருந்து வைத்து மறுபடி கட்ட வேண்டும். இது வாரக்கணக்கில் நடக்கும். வலி மருந்து கொடுத்த பிறகும் வலி மிச்சம் இருக்கும். டிரெஸ்ஸிங் தட்டு உருண்டு வரும் சத்தம் கேட்டாலே அழுகை தொடங்கிவிடும்; கட்டைத் தொட்டிருக்கவே மாட்டோம்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தின் தீக்காயப் பிரிவில் இதே அழுகையைக் கேட்டவர்கள் ஹன்டர் ஹாஃப்மன், டேவிட் பாட்டர்சன் என்ற இரு உளவியலாளர்கள். கண்ணை மூடினாற்போல் மாட்டிக்கொள்ளும் வி.ஆர். கருவியை, அதாவது மெய்நிகர் உலகைக் காட்டும் கருவியை, 16, 17 வயதுப் பையன்கள் இருவருக்குக் காயம் பார்க்கும்போது மாட்டிவிட்டார்கள். அதே பையன்களுக்குச் சாதாரண வீடியோ கேமையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். வி.ஆர். போட்டிருந்தபோது வலி வெகுவாகக் குறைந்ததாக இருவரும் சொன்னார்கள். 2000-ல் இது ஆய்விதழில் வெளியானது. இரண்டே பேர்தான், ஆனால் கதவு திறந்துவிட்டது.

பிறகு தீக்காயக்காரர்களுக்கென்றே ஓர் உலகத்தை உருவாக்கினார்கள். பெயர் ஸ்னோவேர்ல்ட். கட்டுப் பிரிக்கும்போது பலருக்கு அந்த நெருப்பே மனதில் திரும்ப எரியும். அதனால் நெருப்புக்கு நேர் எதிராகப் பனி. உறைந்த பள்ளத்தாக்கு வழியே மிதந்து போகலாம். பெங்குவின் மீதும் பனிமனிதன் மீதும் பனி உருண்டை எறியலாம். தண்ணீர்த் தொட்டியில் வைத்துக் காயம் கழுவும்போது மின்சாரம் ஆபத்தாயிற்றே என்று, கண்ணாடி இழை வழியாகப் படத்தைக் கொண்டுவரும் தனித் தலைக்கவசமும் செய்தார்கள். அந்த அக்கறையை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

எப்படி வேலை செய்கிறது? கபடி ஆடும் பையனைப் பாருங்கள். முழங்கால் சிராய்த்து ரத்தம் வழியும், அவனுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து அம்மா "அய்யோ" என்றதும்தான் வலிக்கும். வலியை உணரவும் கவனம் வேண்டும். அந்தக் கவனம் பெங்குவினிடம் போய்விட்டால் வலிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். 2004-ல் வெளியான ஆய்வில், நல்ல உடல்நிலையில் உள்ளவர்களுக்குச் சூட்டால் சிறு வலி உண்டாக்கி மூளையைப் படம்பிடித்தார்கள். வி.ஆரில் இருந்தபோது, வலியோடு தொடர்புள்ள ஐந்து பகுதிகளில் சுறுசுறுப்பு குறைந்திருந்தது.

"போனைக் கையில் கொடுத்தால் போதாதா?" என்று கேட்பீர்கள். ஓரளவு போதும், நானே கொடுத்திருக்கிறேன். ஆனால் போன் பார்க்கும் பிள்ளையின் கடைக்கண் ஊசித் தட்டின் மேலேயே இருக்கும். அதோடு, சும்மா பார்ப்பது வேறு, குறி பார்த்து எறிவது வேறு.

எனக்கு மிகப் பிடித்தது பிரேசிலில் தடுப்பூசிக்காகச் செய்தது. பிள்ளை மாட்டியிருக்கும் வி.ஆர். கருவிக்குள் ஒரு வீரக்கதை ஓடுகிறது. அதே காட்சி செவிலியருக்கும் ஒரு திரையில் தெரிகிறது. பஞ்சால் தோலைத் துடைக்கும் குளிர்ச்சி கதையில் பனியாக வரும். ஊசி இறங்கும் சுருக்கு, நெருப்புப் பழமாக வரும். பிள்ளை உணர்வதை இல்லையென்று யாரும் சாதிக்கவில்லை, அதற்குக் கதையில் ஓர் இடம் கொடுத்தார்கள். எங்கள் எறும்புப் பொய்யை நினைத்து வெட்கப்பட்டேன்.

இதற்காக வி.ஆரைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் வேண்டாம். 2020-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளை, 4 முதல் 18 வயது வரையான 1008 பிள்ளைகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. பலன் இருக்கலாம், ஆனால் சான்றின் உறுதி குறைவு என்றது. ஒரு காரணம், கண்ணுக்கு முன் கருவி இருப்பது பிள்ளைக்கே தெரியுமே. மாத்திரை ஆய்வில் போலி மாத்திரை கொடுப்பது போல இங்கே மறைக்க முடியாது. சிலருக்குத் தலை சுற்றி வாந்தி வரும். வலிப்பு நோய் உள்ள பிள்ளைக்கு மருத்துவரைக் கேட்காமல் மாட்டக் கூடாது. முகத்திலேயே காயம் என்றால் எங்கே மாட்டுவது? ஒருவர் தலையில் இருந்ததை அடுத்தவருக்கு வைக்கும் முன் கிருமி நீக்கித் துடைக்க வேண்டும். அவசர வார்டில் அதற்கொரு ஆள் தேட வேண்டும். வி.ஆர். இருக்கிறதே என்று வலி மருந்தைக் குறைப்பவர் யாராவது இருந்தால், அவர் கட்டுப் பிரிக்கும் அறையில் ஒரு நாள் நிற்கட்டும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு எங்கள் வார்டுக்கும் ஒரு கருவி சோதனைக்காக வந்தது. ஒன்பது வயதுப் பெண் ஒருத்திக்கு ரத்தம் எடுக்க வேண்டும். ஆசையாய் மாட்டிவிட்டேன். கடலுக்குள் மீன்கள், ஆமை. அரை நிமிடம் ஆகியிருக்காது, அவளே கழற்றிவிட்டாள்.

"வேணாம் சிஸ்டர். எனக்குப் பாக்கணும்."

சரி பார் என்றேன். எப்போது குத்துவேன் என்று முன்கூட்டியே சொன்னேன். உதட்டைக் கடித்துக்கொண்டு, குழாயில் ரத்தம் ஏறுவதைக் கண் இமைக்காமல் பார்த்தாள். முடிந்ததும் கேட்டாள்:

"ஏன் சிஸ்டர் இவ்ளோ கருப்பா இருக்கு?"

நன்றி, வணக்கம்.