செய்வினைப் பயமும் விசுவாசக் கேடகமும்

நேயர்கள் அனைவருக்கும் அன்பான வணக்கம். கிறிஸ்தவ விசுவாசம் அன்றாட வாழ்க்கையில் ஒரு மனிதனை எப்படிக் காக்கிறது என்று பேசும்படி வானொலி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அந்த வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். லுத்தரன் சபை. ஞாயிறுப் பள்ளியும் நடத்துகிறேன். பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், நாம் எதற்குப் பயப்படுகிறோம் என்று பார்த்துவிடுவது நல்லது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பயம் புதிதில்லை. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலையாட்கள் கூடும் இடத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர வரிசையான நிரைக்குள் நுழைந்தால் காலடியில் பாம்பு இருக்கும், பால் வடியும் மங்குக்குள் தேள் இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து அது. ஜாக்கிரதையாக இருந்தால் தப்பலாம். இன்னொரு பயம் இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லையா, கறவை மாடு செத்துப்போனதா, பெண்ணுக்கு வரன் தட்டிப்போகிறதா, உடனே "யாரோ செய்வினை வச்சிட்டாங்க" என்பார்கள். பால்மரத்தை வெட்டிச் செம்பனை என்னும் எண்ணெய்ப்பனையை நட்டார்கள், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை இடித்தார்கள், நம் ஜனங்கள் டவுனில் அடுக்குமாடி வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். அந்தப் பயமும் சட்டிபானையோடு சேர்ந்து மாடி ஏறி வந்துவிட்டது. கிறிஸ்தவ வீடுகளில் இது இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனைக்கு வந்துவிட்டு, வாரத்தின் நடுவில் ராத்திரி போமோ என்னும் மலாய் மந்திரவாதி வீட்டு வாசலில் நிற்கிறவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தாய் எங்கள் போதகரையும் என்னையும் அழைத்திருந்தார். வாசலில் இருந்த பூச்சட்டியை நகர்த்தியபோது அடியில் ஒரு முடிச்சு கிடந்ததாம். கறுப்புக் கயிறு, துருப்பிடித்த ஆணி ஒன்று, கொஞ்சம் தலைமுடி. பழைய பத்திரிகைத் தாளில் மடித்து வைத்திருந்தார். தொடவே அவருக்குக் கை நடுங்கியது. பிள்ளைக்கு மூச்சிளைப்பு நோய். வைத்தது நாத்தனார்தான் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். அந்த நாத்தனார்தான் தினமும் பள்ளியிலிருந்து பிள்ளையை அழைத்து வருகிறவர். அன்று முதல் பேச்சுவார்த்தை இல்லை. பிள்ளை பள்ளிக்கூட கேட்டில் தனியாக நின்றுகொண்டிருந்தது.

போதகர் அந்த முடிச்சைக் கையில் எடுத்து, எங்கள் கண்முன்னாலேயே குப்பைத்தொட்டியில் போட்டார். ஜெபித்தார். பிறகு இரண்டு கேள்வி கேட்டார். "பிள்ளைக்கு மருந்து ஒழுங்காகக் கொடுக்கிறீர்களாம்மா?" என்பது ஒன்று. "நாத்தனார்கிட்ட யார் போய்ப் பேசுறது?" என்பது மற்றொன்று. அந்த இரண்டு கேள்விகளும் ஜெபத்தின் தொடர்ச்சி என்றுதான் நான் நம்புகிறேன். ஆணியும் கயிறும் அந்த வீட்டை என்ன செய்திருக்கும் என்று எனக்கு அக்கறை இல்லை. சந்தேகம் என்ன செய்தது என்பதைக் கண்ணால் பார்த்தேன். சொந்தத்தைப் பிரித்தது, பிள்ளையைத் தெருவில் நிறுத்தியது. விசுவாசம் முதலில் காக்கவேண்டியது இங்கேதான்.

பவுல் அப்போஸ்தலர் எபேசு பட்டணத்துக்கு எழுதிய கடிதத்தில்தான் "தேவனுடைய சர்வாயுதவர்க்கம்" என்ற புகழ்பெற்ற பகுதி வருகிறது, 6ஆம் அதிகாரத்தில். கச்சை, கேடகம் என்று ஒரு போர்வீரனின் ஆயுதங்களைச் சொல்லி விசுவாசியின் பாதுகாப்பை விளக்கும் பகுதி அது. அந்த எபேசு எப்படிப்பட்ட ஊர் தெரியுமா? மந்திரத்துக்குப் பேர்போன ஊர். "எபேசிய எழுத்துகள்" என்று சில சொற்களை உச்சரிப்பார்கள், எழுதிக் கட்டிக்கொள்வார்கள். ஆபத்து வராது என்று நம்பிக்கை. நம் தாயத்து மாதிரியேதான். அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். விசுவாசத்துக்கு வந்தவர்கள் தங்கள் மாயவித்தைப் புத்தகங்களை எல்லாருக்கும் முன்பாகக் கொண்டுவந்து எரித்தார்கள். அவற்றின் விலை 50,000 வெள்ளிக்காசு. ஒரு காசு ஏறக்குறைய ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். அவ்வளவு பணத்தைப் பயத்துக்காகச் செலவழித்து வைத்திருந்தார்கள்.

அதே அதிகாரத்தில் ஸ்கேவா என்பவரின் ஏழு குமாரர்கள் வருகிறார்கள். இயேசுவின் பெயரையே ஒரு மந்திரம்போலச் சொல்லிப் பிசாசை ஓட்டப் பார்த்தார்கள். "இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்?" என்று கேட்டு, அந்தப் பிசாசு பிடித்த மனிதன் அவர்கள்மேல் பாய்ந்தான். காயப்பட்டு, உடுதுணி இல்லாமல் ஓடினார்கள். காரில் சிலுவையைத் தொங்கவிட்டுவிட்டு, தலையணைக்கடியில் வேதாகமத்தை வைத்துவிட்டு, அதைத் திறந்தே பார்க்காதவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும். தாயத்தை அவிழ்த்துவிட்டு அந்த இடத்தில் சிலுவையைக் கட்டுவதால் பயம் போய்விடாது.

பவுல் அந்தக் கடிதத்தை எழுதும்போது சங்கிலியில் இருந்தார். அவரே அப்படிச் சொல்கிறார். ரோமப் போர்வீரனின் கேடகத்தைப் பக்கத்திலேயே பார்த்தவர். ஏறக்குறைய 4 அடி உயரம், இரண்டரை அடி அகலம், பலகையை ஒட்டி மேலே தோல் போர்த்தியது. ஒருவன் தனியாகப் பிடித்தால் முன்பக்கம் மட்டும்தான் மறையும். வரிசையாக நின்று கேடகத்தோடு கேடகம் சேர்த்துப் பிடித்தால் பக்கத்தில் இருக்கிறவனும் காக்கப்படுவான். விசுவாசம் என்னும் கேடகத்தை அவர் ஒரு சபைக்கு எழுதினார், கூடிவந்த இடத்தில் வாசிப்பதற்காக. அந்த வீட்டில் நடந்ததும் அதுதான். அந்தத் தாய்க்குக் கை நடுங்கிய நேரத்தில் முடிச்சை எடுத்துப் போடுவதற்கு வேறொரு கை இருந்தது.

ஒரு கடினமான கேள்வியைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. 91ஆம் சங்கீதம் நமக்கெல்லாம் மனப்பாடம். "உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும், அது உன்னை அணுகாது." மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில், 1942, 43இல், சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் கணக்கில்லாமல் செத்தார்கள். என் தாத்தாவின் அண்ணனும் போனார். ஜெபிக்கிற மனிதர். திரும்பி வரவில்லை. 1948 ஜூன் 16இல் எங்கள் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டார்கள். அதையொட்டி வந்த அவசரகாலம் 1960 வரை நீண்டது. காட்டுக்காரன் என்று நாங்கள் சொல்லும் கம்யூனிஸ்ட் போராளிகளுக்கும் பட்டாளத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட லயங்களில் இந்தச் சங்கீதம் எத்தனை இரவு சொல்லப்பட்டிருக்கும்! சொன்ன எல்லாரும் பிழைக்கவில்லை.

அப்படியானால் சங்கீதம் பொய்யா? இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, "குதியும், தூதர்கள் தாங்குவார்கள்" என்று பிசாசு சொன்னபோது அவன் எடுத்துக்காட்டியது இதே 91ஆம் சங்கீதத்தைத்தான். உனக்கு ஒன்றும் ஆகாது, காயமே படாது என்கிற வாக்குறுதியாக அதைத் திருப்பினான். இயேசு குதிக்கவில்லை. பிறகு சிலுவைக்கே போனார். ரோமர் 8ஆம் அதிகாரத்தில் பவுல் உபத்திரவம், பசி, நிர்வாணம், நாசமோசம், பட்டயம் என்று அடுக்குகிறார். இவை வராது என்று அவர் எழுதவில்லை. இவற்றில் எதுவும் கிறிஸ்துவின் அன்பைவிட்டு நம்மைப் பிரிக்காது என்றார். சயாமில் செத்த என் பெரிய தாத்தா கைவிடப்பட்டவராகச் சாகவில்லை என்று நான் நம்புகிறேன். அவர் வராத வருஷங்களிலும் அந்தக் குடும்பம் ராத்திரி ஜெபத்தை நிறுத்தவில்லை. எனக்குத் தெரிந்த பாதுகாப்பு இதுதான்.

எங்கள் சபைப் பாரம்பரியம், 1706இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தமிழ்நாட்டுத் தரங்கம்பாடியில் வந்து இறங்கியதிலிருந்து வருகிறது. மார்ட்டின் லுத்தர் 1529இல் எழுதிய சின்ன ஞானோபதேசம் என்னும் விசுவாசப் பாடநூலில் காலை ஜெபமும் இரவு ஜெபமும் உண்டு. பொல்லாத சத்துரு என்மேல் அதிகாரம் கொள்ளாதபடி உமது பரிசுத்த தூதன் என்னோடு இருக்கட்டும் என்று இரண்டும் முடிகின்றன. எனக்கு மிகவும் பிடித்தது அதற்குப் பிறகு அவர் சொல்லும் வார்த்தை. காலையில் ஜெபித்தபின் சந்தோஷமாக வேலைக்குப் போ என்கிறார். இரவில் ஜெபித்தபின் நிம்மதியாக உடனே தூங்கு என்கிறார். விழித்துக் காவல் காக்கச் சொல்லவில்லை. என் அம்மா பெரட்டுக்குப் போகுமுன், தூக்கக் கலக்கத்தில் இருக்கும் எங்களைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, ஒவ்வொருவர் நெற்றியிலும் கட்டைவிரலால் சிலுவை போடுவார். ரப்பர் ஒட்டுப்பால் வாடை அந்த விரலில் எப்போதும் இருக்கும். போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவார். பயம் இல்லாமல் இருந்திருக்காது. இருந்தும் வேலைக்குப் போனார்.

இன்றைக்கு நம் டவுனில் பாம்பைவிட ஆலோங் என்னும் சட்டவிரோத வட்டிக்காரனுக்குத்தான் அதிகம் பயப்படுகிறோம். கேட்டில் சிவப்புச் சாயத்தை ஊற்றிவிட்டுப் போன பிறகுதான் மனைவிக்கே கடன் விஷயம் தெரியவருகிறது. ஜெபக்கூட்டத்தில் "குடும்ப சமாதானத்துக்காக ஜெபியுங்கள்" என்று மட்டும் எழுதிக் கொடுப்பார்கள். பவுல் சொன்ன ஆயுதங்களில் முதலாவது என்ன? சத்தியம் என்னும் கச்சை, அதாவது இடுப்புவார். கச்சையை இறுக்கிக் கட்டினால்தான் மற்ற ஆயுதம் எதையும் தூக்கிக்கொண்டு நிற்கமுடியும். கடனை மறைத்துக்கொண்டு கேடகம் கேட்கிறோம். முதலில் வாயைத் திறந்து தொகையைச் சொல்லவேண்டும்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் அப்படி ஒருவர் இருக்கலாம். அடுத்த ஜெபக்கூட்டத்துக்கு வரும்போது எவ்வளவு வாங்கினீர்கள், யாரிடம், எத்தனை மாதம் பாக்கி என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். முதலில் வீட்டில் மனைவியிடம் காட்டுங்கள். பிறகு போதகரிடம் காட்டுங்கள். மிரட்டல் வந்திருந்தால் போலீஸ் நிலையத்துக்குக் கூடவே வரச்சொல்லிக் கேளுங்கள். சபையில் கணக்கு வழக்கு தெரிந்த மூத்தவர்கள் இருக்கிறார்கள், உட்கார்ந்து பேசுவார்கள். அதற்குப் பிறகு எல்லாருமாகச் சேர்ந்து ஜெபிக்கலாம்.

வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.