முதலில் தெரிந்தவள்

நேயர்களுக்கு வணக்கம். நாமக்கல் பக்கம் ஒரு நம்பிக்கை மையத்தில் பல வருடம் ஆலோசகராக இருந்தேன். எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் இடத்துக்கு நம் அரசு மருத்துவமனைகளில் அந்தப் பெயர்தான்.

கர்ப்பிணிக்கு ரத்தம் எடுப்பார்கள். ஹீமோகுளோபின், சர்க்கரை, கூடவே எச்.ஐ.வி. லாரி ஏறிப்போன கணவரை யாரும் கூப்பிட்டு ஊசி குத்துவதில்லை. அதனால் வீட்டில் தொற்று இருப்பது முதலில் அவள் ரத்தத்தில்தான் தெரியவருகிறது. முதலில் தெரிந்ததாலேயே அவள்தான் கொண்டுவந்தாள் என்று ஆகிவிடுகிறது.

2004 வாக்கில் ஒரு பெண் வந்தாள். இருபது வயது, தலைப்பிரசவம். கணவர் லாரி டிரைவர். மாமியார் வெளியே பெஞ்சில் தூக்குப்போசியோடு உட்கார்ந்திருந்தார். முடிவைச் சொன்னேன். அவள் அழவில்லை. "அக்கா, அத்தைகிட்ட ரத்தம் கம்மின்னு சொல்லிருங்க" என்றாள்.

அப்போது குழந்தைக்குத் தொற்றாமல் இருக்க நெவிரபின் என்று ஒரே மாத்திரை. வலி கண்டதும் தாய் விழுங்க வேண்டும், பிறந்த 3 நாளுக்குள் குழந்தைக்குச் சொட்டு மருந்து. அந்த மாத்திரையைக் கடுகு டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். கணவரோ அடுத்த டிரிப், அடுத்த டிரிப் என்று மூன்று டிரிப் தள்ளினார். கடைசியில் வந்தார், அவருக்கும் இருந்தது. எப்படியோ வீட்டுக்கும் தெரிந்துபோனது. அவளுக்குத் தனித்தட்டு வைத்தார்கள். அவர் தட்டு மட்டும் மாறவில்லை. மறுபடி சொல்கிறேன், முதலில் தெரிந்தது அவளுக்கு, அவ்வளவுதான்.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம், மகாராஷ்டிரம் நான்கிலும் சேர்த்து, பரிசோதனைக்கு வந்த 15 முதல் 24 வயதுக் கர்ப்பிணிகளில் 2000-இல் ஆயிரத்துக்கு 17 பேருக்குத் தொற்று இருந்தது. 2004-இல் அது 11 ஆகக் குறைந்தது. கணக்கெடுப்புகளில் லாரி ஓட்டுநர், கிளீனர், வெளியூர் வேலைக்குப் போகிறவர் மனைவிமாரிடம் தொற்று கூடுதலாகத் தெரிந்தது. எங்கள் மையத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கணவரைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள். நான் வேலை பார்த்த காலத்தில் நம் நாட்டுத் திட்டத்துக்குப் பெயரே 'பெற்றோரிடமிருந்து குழந்தைக்கு'ப் பரவுவதைத் தடுப்பது என்றுதான் இருந்தது. ஆனாலும் பேச்சில் 'தாயிடமிருந்து' என்றே வரும். அந்த ஒரு சொல்லில் அப்பா காணாமல் போகிறார்! நான் ஒவ்வொரு கூட்டத்திலும் திருத்துவேன்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். சரி, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மருந்து இல்லாவிட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்றலாம். ஒழுங்காக மருந்து எடுத்தால் 5-க்கும் கீழே. இப்போது ஒற்றை மாத்திரை இல்லை, தாய்க்குத் தினசரி, ஆயுள் முழுக்க, இலவசம். முதல் செக்கப்புக்கே கணவரும் கூட வரட்டும், இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ரத்தம் எடுக்கட்டும். முடிவை ரகசியமாக வைக்க 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சந்தேகம் கேட்க 1097, கட்டணம் கிடையாது.

அந்தக் குழந்தைக்கு 18-ஆம் மாதம் பார்த்தோம். இல்லை என்று வந்தது. வணக்கம்.