சுவர் இருந்தால்தான் சித்திரம்

விழாத் தலைவர் அவர்களே, என்னை அழைத்த வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மழையில் நனைந்து வந்திருக்கும் தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். தலைவர் ஐயா காய்ச்சலோடு வந்திருக்கிறார். அவருக்குத் தனியாக ஒரு வணக்கம்.

கிரேக்க நாட்டுப்புறத்தில் நான் பார்த்த பைசாந்தியப் பேரரசுக் காலத்து, அதாவது கான்ஸ்டான்டினோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமப் பேரரசுக் காலத்து ஊர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஊர், தேவாலயம், சாப்பாடு என்று மூன்றாகச் சொல்கிறேன்.

முதலில் ஊர். ஸ்பார்ட்டாவுக்குப் பக்கத்தில், டைகெட்டஸ் மலைச்சரிவில் மிஸ்த்ராஸ் இருக்கிறது. 1249-இல் பிராங்கியப் பிரபு ஒருவர், அதாவது மேற்கு ஐரோப்பிய வழிவந்தவர், மலையுச்சியில் கோட்டை கட்டினார். போரில் தோற்றுச் சிறைப்பட்ட அவர், விடுதலைக்கு விலையாக அதைப் பைசாந்தியரிடம் கொடுத்தார். கடைசிப் பேரரசர் பதினோராம் கான்ஸ்டன்டைன் 1449 ஜனவரி 6 அன்று அரியணைப் பொறுப்பேற்றது இந்த ஊரில்தான். பேராலயத் தரையில் இரட்டைத்தலைக் கழுகு செதுக்கிய கல் பதித்திருக்கிறது. இன்று வீடெல்லாம் கூரையில்லாமல் நிற்கிறது. பாந்தனாசா மடத்துக் கன்னியர் மட்டும் அங்கே குடியிருக்கிறார்கள். அந்த மடத்தில் செத்து நாலு நாளான லாசரஸை இயேசு உயிர்ப்பிக்கும் ஓவியத்தில், நாற்றம் தாங்காமல் ஒருவன் மூக்கைப் பொத்திக்கொள்கிறான். அறுநூறு வருஷத்துக்கு முந்தைய மூக்கு!

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். அங்கே அது அப்படியே உண்மை. ஈரச் சுண்ணாம்புப் பூச்சு காயுமுன் வர்ணம் தீட்டுவார்கள். காயும்போது வர்ணம் சுவரோடு ஒன்றாகிவிடும். சுவரைக் கீறினால் கீறியது படத்தைத்தான்.

அப்புறம் கெராக்கி. சின்ன கிராமம். அங்கே புனித யோவான் கிறிசோஸ்தோம் தேவாலயம் பூட்டிக் கிடந்தது. காப்பிக்கடையில் விசாரித்தோம். கடைக்காரர் எதிர்வீட்டைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார். கறுப்பு உடையில் ஒரு பாட்டி, கையெல்லாம் மாவோடு வந்தார். முந்தானை மாதிரி முன்னால் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு சாண் நீளச் சாவியை எடுத்தார். வாசல் நிலைக்கல்லைத் தட்டிக் காட்டினார். முழுக்க எழுத்து! ரோமப் பேரரசர் டையோக்லீஷியன் 301-இல் போட்ட விலைக்கட்டுப்பாட்டு ஆணையின் துண்டு அது. சந்தைச் சரக்கின் விலைப்பட்டியலைக் கோயில் வாசலுக்கு நிலையாக வைத்திருக்கிறார்கள். உள்ளே பாட்டி மெழுகுவர்த்தி ஏற்றினார். சுவரில் ஒரு புனிதரின் முகம். கன்னத்தில் குறுக்காக யாரோ ஆணியால் பெயர் கீறியிருந்தார்கள். பாட்டி தன் உள்ளங்கையை அந்தக் கீறல்மேல் வைத்துக்கொண்டு நின்றார். அவர் பாஷை எனக்குத் தெரியாது. அவரும் ஒன்றும் பேசவில்லை. அவர் கையில் இருந்த மாவு கொஞ்சம் அந்தக் கன்னத்தில் ஒட்டியது. அதையும் ஊதித் துடைத்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

சாப்பாட்டைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். எனக்கு இதுதான் முக்கியம். சுவர் இருந்தால்தான் சித்திரம்! ஊர் சுற்றப் போகிறவர்கள் எந்த நாட்டுச் சுவரிலும் பெயர் கீறக் கூடாது, காதலியின் பெயரானாலும் சரி. மூன்று வருஷமாகப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கூட வருகிறவர் கீறினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள், சங்கடப்படாதீர்கள்.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பேனாவும் இருக்கிறது. உங்கள் பெயரை அதில் எழுதிவிட்டுப் போங்கள். தலைமையாசிரியர் ஐயா முதல் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். ஐயா, வாருங்கள்.