ஆற்றைக் கேட்டு உத்தரவு போட்டவர்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

ஆற்றுத் தண்ணீரைச் சோதிக்க 300 மில்லி பிடிக்கும் கண்ணாடிப் புட்டி ஒன்று உண்டு. அதைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, ஒரு காற்றுக்குமிழிகூடத் தங்காமல் நிரப்பி மூட வேண்டும். பிறகு கரையிலேயே உட்கார்ந்து மாங்கனீசு சல்பேட்டையும், அயோடைடு கலந்த காரக் கரைசலையும் சொட்டுச் சொட்டாக விடுவோம். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகத் திரண்டு அடியில் படியும். இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். ஹங்கேரிக்காரர் விங்க்ளர் 1888-இல் சொல்லிக்கொடுத்த முறை இது. நான் பல வருடம் இந்த வேலை பார்த்தவன். புட்டியில் வெள்ளை நின்றுவிட்டால் கரையில் யாருக்கும் பேச்சு வராது.

காகித ஆலைக்கும் இந்தப் புட்டிக்கும் நெருங்கிய உறவு. மரத்தை ரசாயனத்தில் வேகவைத்துக் கூழ் எடுக்கும்போது ஏறக்குறையப் பாதிதான் கூழாகும். மீதி, மரத்தின் நார்களை ஒட்டிவைக்கும் லிக்னினும் சர்க்கரைப் பொருட்களுமாக வேகவைத்த சாற்றில் கரைந்துவிடும். அந்தச் சாறு ஆற்றில் இறங்கினால் பாக்டீரியாக்களுக்குக் கல்யாண விருந்துதான். அவை தின்னத் தின்ன ஆக்சிஜன் இறங்கும். மீன் மேலே வந்து வாயைத் திறக்கும்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஆண்ட்ரோஸ்காகின் என்று ஓர் ஆறு. அதன் கரை நெடுகக் காகித ஆலைகள். 1940-களின் தொடக்கத்தில் கோடையில் லூயிஸ்டன் ஊர்க்காரர்கள் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. ஆக்சிஜன் தீர்ந்த தண்ணீரிலிருந்து அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பியது. வீடுகளின் வண்ணப்பூச்சு கெட்டது, வெள்ளிச் சாமான் கறுத்தது. மாநில அரசு ஆலைகள்மீது வழக்குப் போட்டது. நீதிமன்றம் செய்த ஒரு காரியத்தை நான் இன்றும் வியந்து சொல்வேன். பேட்ஸ் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வால்டர் லாரன்ஸ் என்பவரை ஆற்றுக்கு அதிகாரியாக நியமித்தது. 'ரிவர்மாஸ்டர்' என்பது அவர் பதவியின் பெயர். சுமார் 30 ஆண்டுகள், 1970-களின் பிற்பகுதி வரை அந்த ஆற்றைக் கவனித்தார்.

அவருடைய முறை எளிமையானது. ஆற்றில் எவ்வளவு நீர் ஓடுகிறது, எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்த்து, ஆலை எவ்வளவு கழிவு விடலாம் என்று கோடையில் வாரா வாரம் அளவு கட்டினார். ஏன் சூட்டைப் பார்க்க வேண்டும்? 20 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் வரை பிடிக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். சூடு ஏற ஏற பாக்டீரியாக்களின் பசியும் ஏறும். நீரும் குறைந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். நாற்றம் அடங்க அணை நீரில் சோடியம் நைட்ரேட் கொட்டவும் செய்தார்கள். அது நோய்க்கு மருந்தல்ல, வலிக்கு மாத்திரை. உண்மையான மாற்றம் வரச் சட்டம் தேவைப்பட்டது. அதே ஆற்றங்கரையில் ரம்ஃபோர்டு என்னும் ஆலை ஊரில் பிறந்த செனட்டர் எட்மண்ட் மஸ்கி முன்னின்று கொண்டுவந்த தூய நீர்ச் சட்டம் 1972-இல், ஜனாதிபதி நிக்சனின் மறுப்பையும் மீறி, நிறைவேறியது.

சரி, நம் ஊருக்கு வருவோம். காவிரிக் கரையிலும் காகித ஆலைகள் உண்டு. இன்று நல்ல ஆலைகள் மரம் வேகவைத்த கறுப்புச் சாற்றை ஆற்றில் விடுவதில்லை. கெட்டியாக்கிக் கொதிகலனில் எரித்து நீராவி எடுக்கின்றன, ரசாயனத்தையும் மீட்கின்றன. மாசைக் குறைப்பதில் இதுதான் ஆகப்பெரிய படி. கூழை வெளுக்கக் குளோரின் வாயுவுக்குப் பதிலாக ஆக்சிஜனும் குளோரின் டை ஆக்சைடும் வந்துவிட்டன. கழிவுநீர் வெளியேறும் வாசலில் கருவி இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அளவுகள் தானாகவே போகின்றன. இதெல்லாம் நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் பெரிய ஆலைகளுக்கு பி.ஓ.டி. என்னும் மாசு அளவு (கழிவைத் தின்ன பாக்டீரியாக்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்று விதி இருக்கிறதே, அது ஆடிப்பெருக்குக்கும் ஒன்றுதான், மணல் தெரியும் சித்திரைக்கும் ஒன்றுதான். கருவி வாசலில் நிற்கிறது. ஆறு அதற்குக் கீழே ஓடுகிறது. லாரன்ஸ் ஆற்றைப் பார்த்து ஆலைக்கு அளவு சொன்னார். நாம் ஆலை வாசலைப் பார்த்துவிட்டு ஆறு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். எனக்கு இது சரியாகப் படவில்லை. நீர் குறைந்த மாதங்களுக்குத் தனி அளவு வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அப்புறம் நேரம். பெரும்பாலும் மாதிரி எடுக்கப் போகிறவர்கள் காலை பத்து பதினொரு மணிக்குப் போகிறார்கள். அதற்குள் வெயிலில் பாசி ஆக்சிஜனை விட ஆரம்பித்திருக்கும். புட்டியில் பழுப்பு அழகாகத் திரளும். ஆற்றுக்கு மிகவும் மூச்சு முட்டுவது விடியலுக்குச் சற்று முன்னால். அந்தந்த ஊர்க் கல்லூரி வேதியியல் துறைகளை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: மே மாதத்தில் ஒரு வாரம், விடியற்காலை ஐந்து மணிக்கு, கழிவு கலக்கும் இடத்துக்கு மேலே ஒரு புட்டி, கீழே சில கிலோமீட்டர் தள்ளி ஒரு புட்டி எடுங்கள். கிடைக்கும் எண்ணைத் தேதியோடு படித்துறையில் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். குளிக்க வருகிறவர்கள் படிக்கட்டும்.

வணக்கம்.