ஆளுக்கு ஒரு டொலர்

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, கொட்டும் பனியிலும் வந்து நிறைந்திருக்கும் ரொறன்ரோ மக்களே, வணக்கம்.

நிறைவான வாழ்வு அமெரிக்காவிலா, கனடாவிலா என்பது கேள்வி. எங்கள் அணி கனடா. எதிரணி நண்பர் டெக்சாஸ் வீட்டு விலையைச் சொன்னார், கலிபோர்னியச் சம்பளத்தைச் சொன்னார். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போகிற போக்கில் ஒன்று சொன்னாரே, "கனடாவில் வைத்தியரைப் பார்க்கக் காத்திருந்தால் தாடி வளர்ந்துவிடும்" என்று! நீங்களும் கைதட்டினீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

காத்திருக்கிறோம் ஐயா. அவசரப் பிரிவில் விடிய விடிய நானும் காத்திருந்திருக்கிறேன். கணுக்கால் வீங்கிய என்னை உட்கார வைத்துவிட்டு, எனக்குப் பின்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு முதியவரை உள்ளே கொண்டு ஓடினார்கள். அவரிடம் பணம் இருக்கிறதா என்று ஒருவர் கேட்கவில்லை. அரசு தந்த சுகாதார அட்டையை வாங்கிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். என் நேரம் அவர் உயிருக்குப் போனது. போகட்டுமே!

காத்திருப்பதைப் பேசியவர், 2019 ஜூனில் நடந்ததையும் சொல்லியிருக்க வேண்டாமா? மினசோட்டாவிலிருந்து நீரிழிவு நோயாளிகளும் நோயாளிப் பிள்ளைகளின் பெற்றோரும் வாகனங்களில் புறப்பட்டார்கள். எங்கே? ஒன்ராறியோவில் இருக்கும் லண்டனுக்கு. எதற்கு? நயாகரா பார்க்கவா? இன்சுலின் வாங்க! உலகின் மிகப் பெரிய பணக்கார நாட்டிலிருந்து, எல்லை தாண்டி, எங்கள் மருந்துக்கடை வாசலுக்கு! விலை, அவர்கள் ஊரில் கொடுத்ததில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அடுத்த மாதமே அமெரிக்கச் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் இன்னொரு கூட்டத்தை டெட்ரோயிட்டிலிருந்து பஸ்ஸில் ஏற்றி வின்ட்சருக்கு அழைத்து வந்தார்.

இருங்கள், கதை முடியவில்லை. அந்த லண்டன் எந்த ஊர் தெரியுமா? 1920 அக்டோபர் இறுதியில், ஊர் உறங்கும் நேரத்தில் பிரெடெரிக் பான்ரிங் என்ற மருத்துவர் எழுந்து, இன்சுலினுக்கு வழிகாட்டிய யோசனையைக் குறிப்பேட்டில் எழுதிவைத்த ஊர்! 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டது எங்கே? இதே ரொறன்ரோவில்! கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையை என்ன விலைக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள்? ஆளுக்கு ஒரு டொலர். பின்வரிசைக்குக் கேட்டதா? ஒரு டொலர்! அந்த மருந்துக்காகத்தான், அந்த யோசனை பிறந்த ஊருக்கே, அந்தப் பெற்றோர் வந்து நின்றார்கள். எதிரணி நண்பரே, இப்போது சொல்லுங்கள், தாடி யாருக்கு வளர்ந்தது?

பிள்ளை பெற்றவளுக்கு அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தருவது 12 வார விடுப்பு, அதுவும் சம்பளமில்லாமல். இங்கே ஓராண்டு, விரும்பினால் 18 மாதம், அரசின் வேலைக் காப்புறுதிப் பணத்தோடு. கனடியரின் சராசரி ஆயுளும் சில ஆண்டுகள் அதிகம். நேரம் போகிறது, நடுவர் மணியைப் பார்க்கிறார். கணக்கை விடுகிறேன்.

1986 ஆகஸ்ட். கனடாவின் கிழக்கே நியூபவுண்ட்லாந்துக் கடல், மூடுபனி. இரண்டு உயிர்காப்புப் படகுகள், அவற்றில் 155 இலங்கைத் தமிழர்கள். கஸ் டால்ற்றன் என்ற மீனவர் கண்டார். நீங்கள் யார், எந்த நாடு, கையில் என்ன தாள் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு நிற்கவில்லை. தன் படகில் ஏற்றினார். மற்ற மீனவர்களும் வந்து சேர்ந்தார்கள். கரைக்கு வந்தவர்களைக் கனடா கடலுக்குத் திருப்பி அனுப்பவில்லை. தங்க அனுமதி கொடுத்தது. நம்மைப் பெற்றது ஒரு மண், நடுவர் அவர்களே. நாம் மூழ்கும்போது கை நீட்டியது இந்த மண்!

அந்தப் படகுகளில் வந்தவர்களோ அவர்களின் பேரப்பிள்ளைகளோ இந்த அரங்கில் இருக்கக்கூடும். எதிரணியின் அடுத்த பேச்சாளர் கலிபோர்னியச் சம்பளத்தை அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். தீர்ப்பை எங்கள் அணிக்குத் தாருங்கள். நன்றி, வணக்கம்.