எல்ஸ்மியர் போர்ட்: கால்வாய் உருவாக்கிய ஊர்

வணக்கம் நண்பர்களே. இங்கிலாந்தின் எல்ஸ்மியர் போர்ட் பற்றி, கார் ஆலையால் வளர்ந்த ஊர் என்று ஒரே வரியில் முடித்துவிட்ட ஒரு சுற்றுலாக் கையேட்டைச் சென்ற வாரம் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. வாக்ஸ்ஹால் ஆலை அங்கே கார் தயாரிக்கத் தொடங்கியது 1960களில்தான். அதற்கு ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்பே, 1795இல், செஸ்டரிலிருந்து மெர்சி ஆறு வரை வெட்டிய கால்வாய் அங்கே வந்துவிட்டது.

அப்போது அந்த இடம் நெதர்பூல் என்ற சிற்றூர். எல்ஸ்மியர் என்பதோ தெற்கே ஷ்ராப்ஷயரில் உள்ள வேறொரு ஊர். அதன் பெயரைத் தாங்கிய கால்வாய் ஆற்றைத் தொட்ட இடம் என்பதால் துறைமுகத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டு அங்கே அமைத்த கிடங்குகள் தண்ணீரின்மேல் வளைவுகளில் நின்றன. படகு கட்டடத்துக்கு அடியிலேயே நுழைய, சரக்கை நேராக மேலே தூக்கிவிடலாம். 1970இல் தீ அவற்றை அழித்துவிட்டது. எனக்கு அது இன்றும் ஆறாத வருத்தம்.

இந்தக் காணொளியைப் பதிவுசெய்ய நான் அங்கே மூன்று முறை போக வேண்டியதாயிற்று. முதல் முறை காற்றின் இரைச்சலில் என் குரலே பதிவாகவில்லை. இரண்டாம் முறை 12 பவுண்டு கொடுத்து வாங்கிய மைக் உறை, கரையில் குனிந்த நொடியில் கழன்று தண்ணீரில் விழுந்தது. பொருத்தும் வளையம் அவ்வளவு தளர்வாக இருந்தது. மூன்றாம் முறை கம்பளிக் காலுறையை வெட்டி மைக்கில் சுற்றி, ரப்பர் பட்டை இரண்டு போட்டேன். இப்போது நீங்கள் கேட்கும் தெளிவான ஒலி அந்தக் காலுறையின் வெற்றி!

கப்பல் கால்வாயைச் சொல்லாமல் வந்துவிட்டேன். ஆற்றின் ஏற்றவற்றத்தை நம்பியிருந்த இந்தத் துறைமுகத்துக்கு, மான்செஸ்டர் கப்பல் கால்வாயின் முதல் பகுதி 1891இல் திறக்கப்பட்டபோது, எந்நேரமும் ஆழம் குறையாத நீர் கிடைத்தது. 36 மைல் நீளமுள்ள முழுக் கால்வாயும் 1894இல் திறந்தது. அதன் பிறகுதான் தொழில்கள் கரையைத் தேடி வந்தன. நம் ஊர்க் கூரைகளில் பார்க்கும் நெளி தகரத்தை ஏற்றுமதிக்காகச் செய்துவந்த வுல்வர்ஹாம்ப்டன் நிறுவனம் ஒன்று, உள்நாட்டிலிருந்து துறைமுகத்துக்குச் சரக்கைச் சுமப்பதைவிட ஆலையையே தண்ணீருக்குப் பக்கத்தில் வைப்பது மேல் என்று 1905இல் இடம்பெயர்ந்தது. தொழிலாளர்களும் குடும்பங்களோடு வந்தார்கள். 1916இல் இதே எல்ஸ்மியர் போர்ட்டில் பிறந்த ஸ்டான் கல்லிஸ், பிறகு வுல்வர்ஹாம்ப்டன் கால்பந்து அணிக்கே தலைவரானார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. மாவாலைகள், 1922இல் ஸ்டான்லோ எண்ணெய்க் கப்பல்துறை, பின்னர் சுத்திகரிப்பு ஆலை என ஒவ்வொன்றும் அதே தண்ணீரை ஒட்டித்தான் அமைந்தன.

கப்பல் கால்வாய் வெட்டிய மண் எங்கே போயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பகுதி, பக்கத்து ஊரான ஈஸ்டத்துக்கும் இந்த ஊருக்கும் இடையே, பொறுப்புப் பொறியாளரின் பெயரால் மவுண்ட் மேனிஸ்டி என்ற குன்றாக மரங்கள் மூடி நிற்கிறது. இதோ, திரையின் இடது ஓரத்தில் தெரியும் பச்சை மேடுதான் அது.